விடாத கை

1939ஆம் ஆண்டு. கார் மரத்தில் மோதிய நாளிலிருந்து தில்லையம்மாவின் வலக்கை இறுக மூடியே இருந்தது. வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து, எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டு அவளை நடக்கவைத்த சவுதா உம்மாவுக்கும் அந்தக் கை மட்டும் மசியவில்லை.

"கொஞ்சம் விரிங்க, தங்கச்சி."

"விட்டால் கௌரி றோட்டுக்கு ஓடிடுவாள், அக்கா."

"அப்ப மகள எனக்கிட்டத் தாங்க. நான் புடிச்சிக்கிறேன்."

தில்லையம்மா தயங்கினாள். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வெறும் உள்ளங்கையைக் கண்டதும், விபத்திலேயே இறந்துபோன பிள்ளைக்காக முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

கதவடியில் நின்ற கணவர் கைகூப்பினார்.

எண்ணெய்ப் போத்தலை மூடப்போன சவுதா உம்மாவால் கையைத் தூக்க முடியவில்லை. குளிர்ந்த சின்ன விரல்கள் அதை இறுகப் பற்றியிருந்தன.