முதல் பெயர்

"நாற்பது நாள் லீவா! இது ஆபீஸா, மாமியார் வீடா?" மேனேஜர் மேஜையைத் தட்டினார்.

ஒருவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. இந்த வருடம் அதிக லீவு எடுத்தவரை அனுப்பிவிடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் எடுத்துக் கொடுத்த பட்டியலில் ஸ்டோர் கீப்பர் பெயர்தான் முதலில் இருந்தது.

"சார், சத்தியமா பத்தொன்பது நாள்தான்," என்றார் எதிரே நின்ற ஸ்டோர் கீப்பர்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாய்யா?"

"சொல்லாது சார். தப்பு என்னோடது," என்றாள் பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர் பிரிவுப் பெண். "லீவைக் கூட்டறப்ப பேரை வெச்சு குரூப் பண்ணிட்டேன். இதே பேர்ல டிரைவர் ஒருத்தர் இருக்கார். ரெண்டு பேர் லீவும் ஒண்ணா சேர்ந்துடுச்சு. ஊழியர் நம்பரை வெச்சுப் பண்ணியிருக்கணும்."

"சரி பண்ணிக் கொண்டாம்மா. யார் முதல்ல வந்தாலும் இன்னிக்கே ஆர்டர்."

ஐந்து நிமிடத்தில் புதிய பட்டியல் வந்தது. ஸ்டோர் கீப்பர் ஒன்பதாவது இடத்துக்கு இறங்கியிருந்தார். முதல் பெயரைப் படித்த மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முப்பத்தொரு நாள்... இது நீயாச்சேம்மா!"

"ஆமா சார். பையனுக்கு ஆபரேஷன் நடந்துச்சே."

"இதைத் திருத்தினா நீதான் முதல்ல வருவேன்னு தெரியாதா?"

"தெரியும் சார். பழைய பட்டியல்ல நான் ரெண்டாவது."

மேனேஜர் பட்டியலை மடித்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

"மேலே கேட்டா, பட்டியல்ல இன்னும் தப்பு இருக்குன்னு சொல்லிக்கறேன். ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க."