தூக்கிய குளம்பு

செல்போனுக்குள் ஆளுக்கு ஒரே நிமிடம் தரும் சதுரங்கம் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக் குதிரை வெளியே வந்தவுடன், கறுப்பு ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டி அதன் வாயருகே போய் நிற்கும். துணைக்கு யாரும் வருவதில்லை.

சும்மா கிடைக்கும் சிப்பாயைக் கண்டு குதிரைகள் மிரண்டு யோசிக்கும். யோசித்தே நேரம் தீர்ந்து தோற்கும்.

"என் பின்னால ஒண்ணுமே இல்ல. அதுக்குத்தான் பயப்படுறாங்க" என்று சிப்பாய் ராஜாவிடம் பெருமையடிக்கும்.

ஒருமுறை, அது கால் ஊன்றுவதற்குள் குதிரை வெட்டிவிட்டது.

"நீ யோசிக்கவே இல்லையே" என்றது சிப்பாய், விழுந்தபடி.

"உன்னை வெட்டச் சொல்லி, என்னை ஆடுறவர் திரையில முன்னாடியே உத்தரவு போட்டு வச்சுட்டார். நீ அப்ப கிளம்பக்கூட இல்ல."

"நான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"எப்பவும் வர்றியே."

அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் பழைய இடத்தில் நின்றார்கள். அதே குதிரை வெளியே வந்தது. இந்தத் தடவை போகக்கூடாது என்று சிப்பாய் முடிவு செய்தது.

பிறகு கீழே பார்த்தது. அது ஏற்கெனவே இரண்டு கட்டம் முன்னால் நின்றிருந்தது. அதற்கும் யாரோ முன்னாடியே உத்தரவு போட்டிருந்தார்கள்.

எதிரே, குதிரையின் குளம்பு தூக்கியே இருந்தது.