பொடிப்பனிக்கு அகலப் பலகை

நான் எடுத்துக் கொடுத்த ஸ்கீ பலகைகளை அந்த அம்மாள் மேசைமேல் தொப்பென்று போட்டார்.

“தம்பி, நான் கேட்டது அகலப் பலகை. நீங்க குடுக்கறது சோறு திங்கற குச்சி.”

ஜப்பானின் பனிமலை ஊரான குச்சானில் பதினெட்டு வருஷமாக ஸ்கீ கடை வைத்திருக்கிறேன். அறுபது வயதுக்காரருக்கு எண்பத்தெட்டு மில்லிமீட்டர் அகலம் தாராளம். திருப்புவது லேசு, முழங்காலுக்கும் நல்லது. அதைத்தான் சொன்னேன்.

“என் முழங்காலப் பத்தி உங்கள யாரு கேட்டா?”

காலையிலிருந்து எனக்கும் எரிச்சல்தான். சுவரிலிருந்து நூற்றுப் பதினைந்தை இறக்கினேன். முனை நன்றாக மேலே வளைந்திருந்தது. இடுப்பளவு பொடிப்பனியிலும் மூழ்காமல் மிதக்கும்.

நடுவில் அமுக்கிப் பார்த்தார். கையில் தூக்கி எடை பார்த்தார். விஷயம் தெரிந்தவர்தான். முகம் மட்டும் இளகவில்லை.

அடுத்தது, காலணியைப் பலகையோடு பூட்டும் பைண்டிங். வழக்கமாக விற்பதையே எடுத்து வைத்தேன்.

“இதுல குதிகால் தூக்க முடியாதே. எப்படி மேல ஏறுறது?”

“மலைமேல ஏத்திவிட லிஃப்ட் இருக்கேம்மா.”

“நான் போற எடத்துக்கு லிஃப்ட் இல்ல.”

குதிகால் விடுபடும் பைண்டிங்கைக் கொண்டுவந்தேன். அதைப் பலகைமேல் பொருத்திப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கழன்ற பலகை வழுக்கி ஓடாமல் பிடிக்கும் பிரேக்கின் அகலம் நூறுதான். நூற்றுப் பதினைந்து பலகைக்கு எப்படி இறங்கும்? கடை திறந்த நாளிலிருந்து நான் செய்யாத தப்பு. காதெல்லாம் சூடாகிவிட்டது.

“நீங்கள்லாம் இப்படித்தான். பாதி வேலையோட போதும்னு விட்டுருவீங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “பிடிக்கலைன்னா வேற கடையப் பாருங்க. இந்தத் தெருவுலயே நாலு இருக்கு,” என்றேன்.

அவர் நகரவில்லை. “படிவத்தக் குடுங்க.”

விழும்போது எவ்வளவு விசையில் பைண்டிங் விடுபட வேண்டும் என்று கணக்கிட, பெயர், வயது, எடை எல்லாம் எழுதித் தர வேண்டும். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார்.

வாங்கிப் படித்தேன்.

மிஹாரா.

நாலு நாள் முன்பு வடக்குப் பள்ளத்தாக்கில் பனிச்சரிவில் புதைந்துபோன சப்போரோக்காரரின் குடும்பப் பெயரும் அதுதான். மூன்று நாள் தேடினோம். சரிவு இன்னும் அசைகிறது, பனி உருகட்டும், வசந்தத்தில் உடலை எடுக்கலாம் என்று நேற்று மாலை தேடலை நிறுத்தினோம். மீட்புக் குழுவில் அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

“கை தூக்குன ஆறு பேரோட பேரையும் கேட்டு வாங்கினேன்,” என்றார் அவர். “அதுல ஸ்கீ கடை வச்சிருக்கறது நீங்கதான்.”



சரியான பிரேக்கைத் தேடி எடுத்தேன். துளை போட்டேன். ஒவ்வொரு திருகையும் இரண்டு முறை முடுக்கினேன். அவர் பக்கத்திலேயே நின்று கடைசித் திருகு வரை பார்த்தார்.

பிறகு கல்லாவைப் பூட்டிவிட்டு, உள்ளறையிலிருந்து என் பலகைகளையும் மண்வாரியையும் எடுத்து வந்தேன்.

அவர் அவற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வாங்க,” என்றார். “ஆனா வழியில எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது.”