பேனரில் சிரிப்பவர்

நகராட்சி வாசலில் ‘மூத்தோர் மகிழ்ச்சியே முதல் இலக்கு’ பேனரை இறக்குகிறார்கள். புதிய திட்டத்துக்குப் புதிய பேனர் சுருட்டிக் கிடக்கிறது. பழையதில் வாய்விட்டுச் சிரிப்பவர் போன மாதம் செத்துப்போன தையற்காரர். வீட்டில் என்றைக்கும் உம்மென்று இருந்த மனுஷன். ஏணியடியில் அவர் மனைவி நிற்கிறாள். “தம்பி, அந்த மூஞ்சிய மட்டும் வெட்டிக் குடுப்பா.” “ஒழுகுற கூரைக்குப் போடவாம்மா?” “பாத்துக்கிட்டிருக்கத்தான். எங்க வீட்டுக்காரரு.” ஏணிக்காரன் முகத்தில் கத்தி படாமல் சுற்றிலும் மெதுவாக அறுக்கிறான். கீழே விரித்ததும் குனிந்து தடவுகிறாள். கிட்டத்தில் முகமே இல்லை, சாயப் புள்ளிகள்தான். அவன் தூக்கிப் பிடிக்க, அவள் தெருவைக் கடந்து எதிர்ச்சாரியில் நின்று திரும்புகிறாள். மாலை வெயிலில் அவர் சிரிக்கிறார். அத்தனை தூரம் தள்ளி நிற்க அவள் வீட்டில் இடமில்லை.