பட்டன்தான் பாக்கி

தையல் கடையில் சாயங்கால வெயில் வெட்டு மேசைவரை வந்து நிற்கிறது. மேசையின் ஒரு பாதியில் வெட்டாத நீலத் துணி, மறுபாதியில் தையல்காரியின் மகளுடைய பள்ளி டைரி. இன்றைய பக்கத்தில் வீட்டுப்பாடங்களை வரிசையாக எழுதி, எதிரே உள்ள சின்னக் கட்டங்களில் டிக்கும் போட்டுவிட்டாள். நோட்டுகள்தான் இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை. தையல்காரி கழுத்திலிருந்து நழுவும் அளவு நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறாள். “ஒரு நோட்டைக்கூட எடுக்கல, அதுக்குள்ள எல்லாத்துக்கும் டிக்கா? யாரை ஏமாத்தற?” மகள் பென்சில் முனையைக் கடிக்கிறாள். “டிக் போட்டுட்டா நிம்மதியா இருக்கும்மா.” தாய் அதட்ட வாயெடுப்பதற்குள் ஃபோன் அடிக்கிறது. குரல் சட்டென்று தேனாகிவிடுகிறது. “உங்க நீலச் சட்டையா? எப்பவோ முடிஞ்சுதுங்க, பட்டன்தான் பாக்கி. காலைல வாங்க.” ஃபோனை வைக்கிறாள். மகள் நீலத் துணியைப் பார்க்கிறாள், பிறகு அம்மாவை. ரப்பரை எடுத்துத் தன் டிக்குகளையெல்லாம் அழிக்கிறாள், தூளை ஊதிவிடுகிறாள், கடைசி வரிக்குக் கீழே ‘அம்மா – நீலச் சட்டை’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டமும் வரைகிறாள். தையல்காரிக்குச் சிரிப்பு முட்டுகிறது. “ராத்திரிக்குள்ள முடிச்சிடுவேன்டி. இப்பவே ஒரு டிக் போட்டுடேன், எனக்கும் நிம்மதியா இருக்கும்.” மகள் அந்தக் கட்டத்தை இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வலது கையால் பையிலிருந்து கணக்கு நோட்டை உருவுகிறாள். கத்தரி நீலத் துணிக்குள் இறங்குகிறது.