புயலுக்குள் ஒரு படகு

புயல் எங்கே கரை கடக்கும் என்று கணக்கிடும் கணினிக்கு, புயலுக்குள்ளிருந்தே காற்றழுத்த அளவு வேண்டியிருந்தது. ஆளில்லாக் கருவிகள் சீக்கிரமே கவிழ்ந்துவிட்டன. ஆள் ஓட்டும் படகு இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடித்தது. அதனால் ஒவ்வொரு புயலுக்கும் ஒரு படகை அனுப்பினார்கள். இந்த முறை வேளாங்கண்ணி கஸ்பாரின் படகு போயிருந்தது.

கணிப்பு மையத்திலிருந்து அவரோடு பேசுவது மாதங்கியின் வேலை.

"கடல் ரொம்ப மோசமா இருக்கும்மா. திரும்பிடட்டுமா?" என்று கேட்டார் கஸ்பார்.

மாதங்கி அதிகாரியைப் பார்த்தாள். திரையில் புயலின் பாதை காரைக்காலுக்கும் கடலூருக்குமாகப் பிரிந்து நின்றது.

"இன்னும் ஒரு அளவு வந்தா தெரிஞ்சிடும். எந்த ஊரைக் காலி பண்றதுன்னு நான் சொல்லணும்ல?" என்றார் அதிகாரி.

மாதங்கி ஒலிவாங்கியை எடுத்தாள். "அண்ணே, புயல் விலகிப் போகுது. இப்ப நீங்க அங்கயே நிக்கிறதுதான் பாதுகாப்பு."

அது பொய். புயலின் நடுப்பகுதி நேராக கஸ்பாரை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

"நீ சொன்னா சரிம்மா," என்றார் கஸ்பார்.

அந்த அளவு வந்தது. அதற்குப் பிறகு படகிலிருந்து எதுவும் வரவில்லை. கடலூரைக் காலி செய்தார்கள். ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை. மையத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். மாதங்கியும் தட்டினாள்.

அடுத்த வாரம் கஸ்பாரின் மனைவி பிலோமினா மையத்துக்கு வந்தாள். மாதங்கி அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, "அண்ணன் கடைசிவரைக்கும் பயப்படவே இல்லக்கா. ஜனங்களுக்காக அவராவே அங்க நின்னாரு," என்றாள்.

பிலோமினா தண்ணீரைக் குடிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"அவரு பயந்த சுபாவம். காத்து கொஞ்சம் மாறினாலே படகைத் திருப்பிடுவாரு. அப்படிப்பட்ட மனுசனை நிப்பாட்ட நீ என்ன சொன்ன?"