பந்தலில் அவனுடைய இடம்

தம்பானூர் ஓட்டலின் மதிய இரைச்சலில், மூன்றாவது பொரோட்டாவைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தபடி யோசுவா சுவரிலிருக்கும் டிவியைப் பார்க்கிறான். பாலம் கட்டியதில் கோடிகளை விழுங்கிய மந்திரி பதவி விலகக் கோரி, தலைமைச் செயலகத்தின் முன்னால் உண்ணாவிரதப் பந்தல். "எல்லாம் கள்ளன்மாரு. வாயத் தொறந்தா பொய்யாக்கும்" என்று எதிரில் இருக்கும் ஆட்டோக்காரர் பொரிய, யோசுவாவும் மென்றுகொண்டே தலையாட்டுகிறான். அந்தப் பந்தலில்தான் மூன்று நாளாகப் பட்டினி கிடப்பதாக ரெனியிடம் சொல்லி வைத்திருக்கிறான். கல்யாணம் பேச வீட்டுக்கு வரச் சொல்கிறவளிடமிருந்து நழுவ, போன வாரம் காய்ச்சல், அதற்கு முந்தின வாரம் சாலை மறியல். இந்தப் பொய்யைச் சொன்னபோது அவனுக்கே சிரிப்பு வந்தது.

காமிரா திரும்புகிறது. பாயின் ஓரத்தில், துணிக்கடைச் சீருடையோடு, உதடு வறண்டு ரெனி உட்கார்ந்திருக்கிறாள். மைக்கை நீட்டுகிறார்கள். "எனக்க ஆளு இங்கதான் கெடந்தாரு. தளர்ந்தவங்கள போலீசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாவளாம். அவருக்க எடம் காலியாக் கெடக்கப்பிடாதுல்லா, காலம்பற தொட்டு நான் இருக்கேன்."

"இப்படியும் பிள்ளைய உண்டு" என்று ஆட்டோக்காரர் கண்ணைத் துடைக்கிறார். தட்டருகே செல்போன் அதிர்கிறது, ரெனிதான். குழம்புக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு யோசுவா எடுக்கிறான்.

"குளுக்கோஸ் ஏத்துனாவளா? இப்போ எப்படி உண்டு?"

"ம்" என்கிறான். நடிக்கத் தேவையே இல்லாமல் அவன் குரல் நலிந்து வருகிறது.